பொய் ஏட்டை ரசிப்பது எப்படி?

நெக்ரோனோமிக்கான் என்று ஒரு நூல் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனாலும் அது கடைகளில் கிடைக்கிறது, அதுவும் பல வடிவங்களில். ஒன்றின் உள்ளடக்கத்துக்கும் இன்னொன்றின் உள்ளடக்கத்துக்கும் சம்பந்தமில்லை. அட்டையில் மட்டும் அதே பெயர். திகில் கதைக்காக ஒருவர் கற்பனை செய்த பெயரை எடுத்துக்கொண்டு, பின்னால் வந்தவர்கள் யந்திரமும் மந்திரமுமாக நிஜ நூலையே எழுதி அச்சடித்துவிட்டார்கள். இவற்றை நம்பி வாங்குகிறவர் மந்திரம் பலிக்காமல் ஏமாறுகிறார். நம்பாமல் வாங்குகிறவர் பத்தாம் பக்கத்திலேயே “எல்லாம் கப்சா” என்று மூடிவைத்து ஏமாறுகிறார். எனக்கு இரண்டாமவர்மீதுதான் இரக்கம். கப்சாதான், அதிலென்ன சந்தேகம்? அதை எவ்வளவு சாமர்த்தியமாகக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பதில்தான் இந்த நூல்களின் சுவையே இருக்கிறது.

தொடங்க வேண்டிய இடம் ஹெச்.பி. லவ்கிராஃப்ட். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்துக்காரர். 1890இல் பிறந்து 1937இல் மறைந்தார். பேய், பிசாசு, கடவுள் எதிலும் நம்பிக்கையில்லாத பொருள்முதல்வாதி. 1922இல் எழுதிய ‘வேட்டைநாய்’ கதையில்தான் இந்த நூலின் பெயர் முதலில் வருகிறது. எழுதியவர் அப்துல் அல்ஹஸ்ரத் என்ற பைத்தியக்கார அரபியர் என்றார். ஆயிரத்தோரு இரவுகளில் மயங்கிக்கிடந்த சிறுவயதில் தனக்கே சூட்டிக்கொண்ட விளையாட்டுப் பெயர் அது. அரபு இலக்கணப்படி பார்த்தால் பிழையான பெயரும்கூட.

கதைகளுக்குப் போகும் முன், 1927இல் அவர் எழுதிய நெக்ரோனோமிக்கானின் வரலாற்றைப் படியுங்கள். சில பக்கங்கள்தான், அவர் இறந்தபின் 1938இல் அச்சானது. பென்சிலால் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டிய நூல். நெக்ரோனோமிக்கான் கி.பி. 730 வாக்கில் டமாஸ்கஸில் எழுதப்பட்டது, 950இல் கிரேக்கத்துக்குப் போனது, 1228இல் லத்தீனுக்கு வந்தது, 1232இல் போப் ஒன்பதாம் கிரிகோரி தடைசெய்தார் என்று வரிசையாக அடுக்குகிறார். கிரிகோரி நிஜமான போப். அந்த ஆண்டில் பதவியிலும் இருந்தார். ஆங்கிலத்தில் பெயர்த்ததாகச் சொல்லப்படும் ஜான் டீ, முதலாம் எலிசபெத் அரசியின் காலத்து நிஜ அறிஞர். லத்தீனில் பெயர்த்த ஓலாஸ் வோர்மியஸும் நிஜமானவர்தான், ஆனால் 17ஆம் நூற்றாண்டு டென்மார்க் மருத்துவர். லவ்கிராஃப்ட் அவரை நானூறு ஆண்டு முன்னே தூக்கிப் போட்டுவிட்டார். பிரதிகள் இருக்குமிடங்களாக பிரிட்டிஷ் மியூசியம், பாரிஸ் தேசிய நூலகம், ஹார்வர்டின் வைட்னர் நூலகம் என்று சொல்லிக்கொண்டே வந்து, மிஸ்கடானிக் பல்கலைக்கழகத்தையும் சத்தமில்லாமல் நுழைத்துவிடுகிறார். அப்படி ஒரு பல்கலைக்கழகம் அவர் கதைகளுக்கு வெளியே எங்கும் இல்லை. எது நிஜம், எது சரடு என்று பிரித்துக் குறித்துக்கொண்டே படித்தால் கைவேலை பிடிபடும். முக்கால்வாசி உண்மை சொல்கிறவன் பொய்யைத்தான் கண்டுபிடிக்க முடியாது.

இதில் அவருக்குக் கூட்டாளிகளும் உண்டு. கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் ‘எய்பனின் நூல்’ என்று ஒன்றைக் கற்பித்தார். ராபர்ட் ஹோவர்டும் ராபர்ட் பிளாக்கும் ஆளுக்கொரு ஏட்டைச் சேர்த்தார்கள். ஒருவர் கற்பித்த நூலை மற்றவர் கதையில் மேற்கோள் காட்டினார்கள். வெவ்வேறு எழுத்தாளர்கள் ஒரே நூலைக் குறிப்பிட்டால் வாசகன் என்ன நினைப்பான்? இருக்கிறது போலும் என்றுதான். கேட்டுக் கடிதம் போட்டவர்களிடம், தானே கற்பித்தது என்று லவ்கிராஃப்ட் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். 1936இல் இரண்டு இளம் வாசகர்களுக்கு அவர் எழுதியது இன்னும் முக்கியம்: அந்த நூலை யாராவது உண்மையாகவே எழுதினால், பூடகமான குறிப்புகளைப் படித்து நடுங்கியவர்கள் எல்லோரும் ஏமாந்துபோவார்கள் என்றார்.

பிறகு வந்த ஒவ்வொரு நூலையும் இந்த எச்சரிக்கையை அளவுகோலாக வைத்துத்தான் நான் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தால் முதல் பரிசு 1973இல் ஜார்ஜ் சிதர்ஸின் ஆவுல்ஸ்விக் பிரஸ் வெளியிட்ட ‘அல் அஸிஃப்’ நூலுக்கு. அச்சிட்டது 348 பிரதிகள். முழுக்க முழுக்க ‘துரியாக்’ என்ற இல்லாத மொழியின் எழுத்து. அந்தக் கிறுக்கலிலும் சில பக்கங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. படிக்கக் கிடைப்பது ஸ்ப்ராக் டி கேம்ப் எழுதிய முன்னுரை மட்டும்தான். ஈராக்கில் கைக்கு வந்த சுவடி இது, மொழிபெயர்க்க உட்கார்ந்த அறிஞர்கள் காணாமல் போய்விட்டார்கள் என்று சிரிக்காமல் சொல்கிறார் மனிதர். லவ்கிராஃப்ட் சொன்ன ஏமாற்றத்துக்கு இதில் இடமே இல்லை, ஏனென்றால் யாராலும் படிக்க முடியாது.

1978இல் ஜார்ஜ் ஹே தொகுத்த பிரிட்டிஷ் நூல் வேறு ரகம். முன்னுரை காலின் வில்சன். லவ்கிராஃப்டின் தந்தை மனநல மருத்துவமனையில் அடைபட்டு 1898இல் இறந்தார் என்பது துயரமான உண்மை. அந்தத் தந்தைக்கு ரகசிய எகிப்திய மேசன் சபைத் தொடர்பு இருந்தது என்று வில்சன் ஒரு கயிற்றைக் கட்டி இழுக்கிறார். ஜான் டீயின் சங்கேதச் சுவடியைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பிரித்ததாக இன்னொரு கட்டுரையும் உண்டு. துப்பறியும் கதைபோல ஓடும். விளையாட்டுக்குச் செய்தது என்று வில்சனே பிற்பாடு ஒப்புக்கொண்டார். அதன் மந்திரப் பகுதியைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை.

உங்கள் கைக்கு எளிதில் வரக்கூடியது ‘சைமன்’ என்ற புனைபெயரில் வந்த நூல்தான். 1977இல் நியூயார்க்கில் வந்தது. தோல் அட்டை போட்ட பிரதிகள் சரியாக 666; இந்தக் குறும்பையும் நூலின் பகுதியாகவே சேர்த்துப் படியுங்கள். 1980இல் ஏவன் நிறுவனம் மலிவுப் பதிப்பாக்கியதும் உலகெங்கும் பரவியது. கிரேக்கச் சுவடியிலிருந்து பெயர்த்தது என்கிறது முன்னுரை. அந்தச் சுவடியைப் பொதுவில் யாரும் காட்டியதில்லை. லவ்கிராஃப்ட், மாந்திரீகர் அலிஸ்டர் கிரௌலி, சுமேரியம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் ஒப்பீட்டு அட்டவணை போட்டிருக்கிறார்கள். க்துலு என்ற லவ்கிராஃப்டின் கடல் தெய்வம் இங்கே ‘குதுலு’ என்று மெசபடோமியப் பெயராக வேஷம் கட்டி வருகிறது.

இதை ரசிக்க நல்ல வழி, பக்கத்தில் பாபிலோனியப் படைப்புக் காவியமான ‘எனுமா எலிஷ்’ மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்வது. மார்துக் தெய்வத்துக்கு ஐம்பது பெயர்கள் அந்தக் காவியத்திலேயே உண்டு. சைமன் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முத்திரையும் ஒரு சக்தியும் வழங்கிவிடுகிறார். ‘மக்லு’ என்று அவர் தரும் உச்சாடனங்களும் பழைய மெசபடோமியச் சடங்கு ஒன்றைத் தழுவியவை, சூனியத்தை எரித்து அழிக்கும் சடங்கு. சைமன் எதற்கெடுத்தாலும் சுமேரியம் என்பார். ஆனால் இவ்விரண்டின் மூலமும் அக்காடிய மொழி.

நான் குறையாகச் சொல்வது வேறொன்று. லவ்கிராஃப்டின் தெய்வங்களுக்கு மனிதனைப் பற்றி எந்த அக்கறையும் கிடையாது, நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, பயமே அதில்தான். சைமனின் நூலில் நல்ல தெய்வங்களும் கெட்ட தெய்வங்களும் சண்டை போடுகின்றன. அந்த இடத்தில் திகில் செத்துப் புராணம் பிறந்துவிடுகிறது.

ஆனால் நூலின் இரண்டு ஓரங்களும் பிரமாதம். எழுப்பிய சக்திகளைத் திருப்பி அனுப்ப வழியில்லை என்ற எச்சரிக்கையை முன்னால் வைத்திருக்கிறார்கள். அடுத்து வருவது பைத்தியக்கார அரபியரின் வாக்குமூலம். அந்த வாக்குமூலம் கடைசியிலும் ஒருமுறை வந்து பாதியில் அறுந்து நிற்கிறது. நடுவில் உள்ள வாசல் கடக்கும் சடங்குகளை விட்டுவிட்டு, இந்த இரண்டையும் ஓர் இரவில் அடுத்தடுத்துப் படித்தால் கச்சிதமான சிறுகதை ஒன்று கிடைக்கும்.

பொய்ப் பெயரில் ஏடு எழுதுவது மேற்கிலும் புதிதல்ல. ‘சாலமோனின் திறவுகோல்’ சாலமோன் மன்னர் எழுதியதல்ல. நம் அகத்தியர் பெயரில் எத்தனை நூல்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதனால்தானோ என்னவோ, நிஜ மாந்திரீகர்கள் இந்தப் பொய்யைக் கண்டு கூச்சப்படவில்லை. 1972இல் கென்னத் கிராண்ட், லவ்கிராஃப்டும் கிரௌலியும் ஒரே மூலத்தைத் தொட்டவர்கள் என்று எழுதினார். அதே ஆண்டு ஆண்டன் லாவே வெளியிட்ட சாத்தானியச் சடங்கு நூலில் க்துலுவை அழைக்கும் சடங்கும் சேர்ந்தது. ‘கேயாஸ் மேஜிக்’ கூட்டத்தார் இன்னும் ஒருபடி போய், தெய்வம் கற்பனையாக இருந்தால் என்ன, நம்பிக்கை வெறும் கருவிதானே என்றார்கள். அவர்களில் ஃபில் ஹைன் எழுதிய ‘சூடோனோமிக்கான்’, பொய் என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கும் நேர்மையான நூல்.

கடைசியாகப் படிக்க வேண்டியது டேனியல் ஹார்ம்ஸும் ஜான் கான்ஸும் எழுதிய ‘நெக்ரோனோமிக்கான் ஃபைல்ஸ்’. ஒவ்வொரு போலியையும் தோலுரிக்கிறது. முதலில் இதைப் படித்துவிடாதீர்கள், விளையாட்டு கெட்டுவிடும். பணம் ஒன்றுக்குத்தான் என்றால் சைமனின் மலிவுப் பதிப்பை வாங்குங்கள். முன்னுரைக்காக மட்டுமே அந்த விலை தகும்.