கொடியும் சரடும்

"இது என்னம்மா, தாம்புக்கயிறு மாதிரி இருக்கு?"

சென்னை ரி. நகரில், பல மாடி நகைக்கடை ஒன்றில், என் கழுத்தைப் பார்த்து ஒரு பொடியன் இப்படிக் கேட்டான். கேலி செய்யவில்லை. அவனுக்கு உண்மையாகவே அது என்னவென்று தெரியவில்லை. அதுதான் கூடச் சுட்டது. "பழைய மாடல்மா. எக்ஸ்சேஞ்ச் போட்டுட்டு லைட் வெயிட்ல எடுத்துக்கலாம்" என்று வேறு சொன்னான். பக்கத்தில் நின்ற என் தம்பியின் மகள், "அண்ணா, அது அவங்க தாலி" என்றாள். பொடியன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவளுடைய கலியாணத்துக்குத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து போயிருந்தேன். சென்னையில் பிறந்தவள். என்னை அத்தை என்பாள். மாமி என்று கூப்பிடு என்று அவள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து சொல்கிறேன். "மாமின்னா இங்க வேற அர்த்தம் அத்தை" என்று சிரிப்பாள். மாப்பிள்ளை மதுரைப் பக்கம். எந்தத் தாலி, யார் செய்வது என்ற கதை வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. தாம்புக்கயிறு என்ற சொல்லோடு நானும் அதற்குள் இறங்கிவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் தாலிக்கொடி ஒரு தனி நகை. தங்கத்தை உருக்கி, அடித்து, கம்பியச்சில் இழுத்து, வளையங்களாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்துப் பின்னுவார்கள். ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என்று பவுண் ஒற்றைப்படத்தான் இருக்கவேண்டும். நடுவில் தாலி, இரண்டு பக்கமும் தங்கக் காசு. தாலியிலும் பிள்ளையார் தாலி, அம்மன் தாலி, கொம்புத் தாலி என்று வகை உண்டு. கிறிஸ்தவ வீடுகளில் புறா இருக்கும். மாப்பிள்ளை பின்னால் நின்று பூட்டுவார். முடிச்சே இல்லாத இந்தக் காரியத்தை நாங்களும் தாலி கட்டுவது என்றுதான் சொல்கிறோம். இதை என் மருமகள், அதுதான் தம்பியின் மகள், கண்டுபிடித்துச் சொன்னாள். சொல்லிவிட்டு நெடுநேரம் சிரித்தாள்.

தமிழ்நாட்டில் மஞ்சள் கயிறு, மூன்று முடிச்சு. இரண்டாவது மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடுவதுண்டு. சில மாதம் கழித்துத் தாலியைப் பிரித்துக் கோர்க்கும்போது குண்டு, மணி, பவளம், லட்சுமி காசு எல்லாம் சேரும். வசதிப்பட்டால் பிறகு தங்கச் சரடு. பொட்டுத் தாலி, சிறுதாலி, பெருந்தாலி என்று அங்கும் வகைகள் ஏராளம். தாலியைப் பார்த்தே இன்ன சாதி, இன்ன ஊர் என்று சொல்லிவிடுவார்களாம். அது பெருமைதானா என்று எனக்குள் ஒரு கேள்வி. எங்கள் பக்கம் அப்படி ஒன்றும் இல்லை என்று எழுத நினைத்தேன், எழுதாமல் விடுகிறேன்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளவேண்டும். செட்டிநாட்டுக் கழுத்திருவைப் பார்த்து வாயடைத்துப் போனேன். முப்பதுக்கு மேற்பட்ட உறுப்புகள், ஒவ்வொன்றிலும் நுணுக்கமான வேலை. கலியாணத்தன்று அணிவது, பிறகு அறுபதாம் கலியாணத்துக்கு எடுப்பது. அழகுதான். ஆனால் இடையில் அத்தனை வருடமும் பெட்டிக்குள் இருக்கும் நகை அது. எங்கள் கொடி கிணற்றடிக்கும் வரும்.

கொடிக்கு ஏன் அத்தனை பாரம் என்று அந்தக் கடைப் பொடியனுக்குச் சொல்லியிருக்கலாம். 1990இல், போருக்குத் தப்ப, தம்பியை வள்ளத்தில் இந்தியாவுக்கு அனுப்பினோம். அம்மாவின் கொடி பதினொரு பவுண். நகை செய்யும் பத்தர் அதில் நாலு பவுணை வெட்டி எடுத்து, கொடியை ஏழாக்கிப் பூட்டிக் கொடுத்தார். அந்த அவசரத்திலும் ஒற்றைப்பட எண் தவறக்கூடாது என்று மனிதர் நின்று கணக்குப் பார்த்தார். மிச்ச ஏழும் 1995 ஒக்ரோபர் கடைசியில் அதே போரால் நாங்கள் வலிகாமத்தை விட்டு நடந்தபோது அம்மாவின் இடுப்பில் வந்தது. லைட் வெயிட் தாலியாக இருந்திருந்தால் தம்பி கடல் தாண்டியிருக்கமாட்டான். சென்னையில் நின்று அத்தை என்று கூப்பிட இந்தப் பிள்ளையும் இருந்திருக்கமாட்டாள்.

சொற்களுக்கு வருகிறேன். எட்டுக் கிராமுக்கு அங்கே பேப்பரில் சவரன், இங்கே பவுண். இரண்டும் வெள்ளைக்காரனின் ஒரே தங்கக் காசுதான்; அவர்கள் காசின் பெயரை எடுத்தார்கள், நாங்கள் அதன் பெறுமதியின் பெயரை எடுத்தோம். பவுன் என்று அங்கும் பேச்சில் சொல்வார்கள், மூன்றுசுழி இல்லாமல். எங்கள் காப்பு அங்கே வளையல். காப்பென்றால் குழந்தைக்குப் போடுவதை நினைக்கிறார்கள். சங்கிலி செயினாகிவிட்டது. எங்கள் அட்டியல் அவர்களுக்கு அட்டிகை. தோடு கம்மல். இவையெல்லாம் விளையாட்டு வித்தியாசம். எனக்கு உறைத்தது வேறு ஒன்று. நாங்கள் நகை செய்விக்கப் போவோம். அவர்கள் நகை எடுக்கப் போகிறார்கள். சேலை எடுப்பதுபோல.

செய்விப்பதன் உச்சம் பொன்னுருக்கு. நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, பத்தர் உமியும் ஊதுகுழலும் மூசையுமாக வந்து உட்காருவார். எல்லாருக்கும் முன்னால் காசு உருகும். உருகிய பொன்னைத் தட்டத்தில் வைத்துச் சபைக்குக் காட்டுவார்கள். பத்தருக்குத் தட்சணையும் அரிசி, காய்கறியும் போகும். அதற்குப் பிறகு கலியாணம் வரைக்கும் பொம்பிளையும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது. இரண்டு குடும்பமும் தங்கத்தைக் கண்ணால் கண்ட பிறகு அதற்கு முத்திரை எதற்கு?

இதைச் சம்பந்தி அம்மாவிடம் கொஞ்சம் நீட்டித்தான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "எங்க மாமனார் காலம் வரைக்கும் நாங்களும் ஆசாரிய வீட்டுக்கு வரச் சொல்லித்தான் தாலிக்குப் பொன் உருக்குவோம். கொங்குப் பக்கம் இப்பவும் உண்டுங்க" என்றார். அந்த நேரம் பார்த்துத் தம்பி தேத்தண்ணி கேட்டான். நான் எழும்பிப் போய்விட்டேன்.

முத்திரை விஷயத்தில் இந்தியா முன்னுக்குத்தான் நிற்கிறது, மறுக்கமாட்டேன். 2021இலிருந்து படிப்படியாக ஹோல்மார்க் கட்டாயம். 2023 ஏப்ரல் முதல் எழுத்தும் இலக்கமும் கலந்த ஆறிலக்கக் குறி இல்லாமல், ஹோல்மார்க் கட்டாயமான மாவட்டங்களில், கடையில் தங்க நகை விற்கமுடியாது. 22 கரட் என்றால் 916, அதாவது நூற்றுக்கு 91.6. டிசைனும் அப்படித்தான். கொம்பியூட்டரில் வரைந்து, மெழுகில் அச்செடுத்து, வார்த்து முடித்துவிடுகிறார்கள். நாகர்கோவில் வடசேரிக் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1947இல் நேருவின் கைக்குப் போன செங்கோலைச் செய்தவர்கள் சென்னை உம்மிடி பங்காரு செட்டி கடைக்காரர். இதைத் தம்பியே என்னிடம் பெருமையாகச் சொன்னான்; எங்கள் உப்பைத் தின்று வளர்ந்தவன். நானும் விடவில்லை. டயானாவின் மோதிரத்தில் இருந்த நீலக்கல் எந்த நாட்டது என்று கேட்டேன். இலண்டன் கடை செய்த மோதிரம்தான், ஆனாலும் கல் எங்கள் கல். சிங்களக் கலை, கைவினைகளைப் பற்றி 1908இலும் இந்தியக் கைவினைஞரைப் பற்றி 1909இலும் புத்தகம் போட்ட ஆனந்த குமாரசுவாமி எந்த ஊரில் பிறந்தவர் என்றும் கேட்டேன். "கொழும்பு, அக்கா. யாழ்ப்பாணமில்லை" என்றான்.

யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளிலும் இப்போது கண்ணாடி அலுமாரிகளில் பாதி இந்திய டிசைன்தான். அது வேறு கதை.

கடையில் இன்னொன்றும் நடந்தது. "சும்மா செக் பண்ணிரலாம்மா, ஃப்ரீதான்" என்று பொடியன் ஒரு மெஷினைக் காட்டினான். கொடியைக் கழற்றுவேனா? கையிலிருந்த காப்பைக் கழற்றிக் கொடுத்தேன். கொடி செய்த அதே பத்தர் செய்த காப்பு. மெஷின் 88 என்று காட்டியது. பொடியன் ஒன்றும் சொல்லவில்லை. மருமகளும் ஒன்றும் சொல்லவில்லை.

கலியாணத்தில் மஞ்சள் கயிறுதான் கட்டினார்கள், மூன்று முடிச்சு. நாங்கள் யாழ்ப்பாணத்தில் செய்வித்த ஒன்பது பவுண் கொடியை வரவேற்பன்று மட்டும் போட்டாள். இப்போது வங்கி லொக்கரில் வைத்திருக்கிறாளாம். கழுத்திருவைப் பற்றி மேலே எழுதியதை அவள் வாசிக்காமல் இருந்தால் நல்லது.

ஊருக்குத் திரும்பியதும் பத்தரிடம் போய் மெஷின் கதையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பூட்டடியில வைச்சுப் பாத்திருப்பாங்கள் பிள்ளை. அதில பொருத்துறதுக்குப் பொடி வைச்சு ஊதினது. பொடிதான் காட்டியிருக்கும்" என்றார். எனக்கு அது போதும். வேறு இடத்தில் கொடுத்துச் சோதிக்கவில்லை.