நெல்லும் அரிசியும் சோறும்

ஆங்கிலத்திலே 'றைஸ்' என்பது மிக எளிய சொற்களுள் ஒன்று. அதன் பொருள் யாதெனக் கேட்டால், கீழ்வகுப்பு மாணவனும் 'அரிசி' என்று தயங்காது விடை கூறுவான். கையடக்க அகராதிகளும் அவனுக்குத் துணை நிற்கும். ஆயினும் அம்மாணவன் சம்மாந்துறையிலோ நிந்தவூரிலோ பிறந்தவனாயின், அவன் தந்தை வயலில் விளைவிப்பது அரிசியன்று. அவன் தாய் உண்கலத்தில் இடுவதும் அரிசியன்று. வயலில் விளைவது நெல். உமி நீங்கியபின் அரிசி. உலையிலிட்டு வெந்தபின் சோறு. இம்மூன்றையும் ஆங்கிலேயன் ஒரு சொல்லால் அழைத்து அமைதியடைகிறான். அவன் அமைதியிலே தவறில்லை. அவன் நாட்டிலே அது விளைவதில்லை.

நெல், அரிசி, சோறு என்பன ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. ஒருபொருட் பன்மொழிகள் ஒரே பொருளைப் பல பக்கங்களிலிருந்து நோக்குவன. இவையோ ஒரு பொருள் அடையும் மூன்று நிலைகளின் பெயர்கள். நெல்லை உண்ணுதல் இயலாது. தீட்டிய அரிசியை விதைத்தல் இயலாது. சோற்றைச் சேமித்தல் இயலாது. அரிசியை உணவாகக் கொண்ட பிற மக்களிடத்தும் இப்பாகுபாடு உண்டு. சிங்களவர் வீ, ஹால், பத் என்பர். மலாயர் பாடி, பெராஸ், நாசி என்பர். ஆங்கிலேயரும் கீழைநாடுகளில் வாணிகமும் ஆட்சியும் நடத்தத் தொடங்கியபின் ஒரு சொல் போதாமையை உணர்ந்து, மலாயரின் 'பாடி'யைக் கடனாகப் பெற்று 'பெடி' என வழங்கினர்.

'றைஸ்' என்பதே 'அரிசி'யினின்று பிறந்ததென்று நம்மவர் பெருமிதத்தோடு எடுத்துரைப்பதுண்டு. 1856 இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலே கால்டுவெல் கிரேக்கரின் 'ஒரைசா'வை அரிசியோடு தொடர்புபடுத்தியமை இதற்கு ஊற்றாயிற்று. பிற்கால அறிஞர் பலர் பழம் பாரசீக வழியையும் வடமொழி 'விரீஹி'யையும் காட்டி இதனை ஐயுறுவர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும் ஆகுக. கால்டுவெல் கூறியதே உண்மையாயின், அங்கு நோக்கத்தக்க செய்தி வேறொன்று உளது. கடல் கடந்து சென்றது வாணிகப் பண்டமாகிய அரிசி. அப்பண்டத்தின் பெயரே வயலைக் காணாதாரிடத்துச் சென்று, பயிரையும் உணவையும் தன்னுள் அடக்கி விரிந்தது. அவ்விரிந்த பொருளை இன்று நாம் திரும்பப் பெற்று, 'அரிசி விளைகிறது', 'அரிசி வயல்', 'அரிசிச் செய்கை' என எழுதுகிறோம். நாம் கொடுத்த சொல் எனப் பெருமை பேசுவோரே அதனைச் சிதைந்த பொருளோடு திரும்பப் பெறுவது விந்தையே.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நூறு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ அறுபத்தைந்து கிலோ அரிசியே கிடைக்கும். எஞ்சுவது உமியும் தவிடும். ஓராண்டு விளைவை நெல்லாகக் கணித்து ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையை 'அரிசி உற்பத்தி' என மொழிபெயர்ப்பவர், தம் பேனாமுனையால் விளைச்சலை அரைப்பங்குக்கு மேல் கூட்டிவிடுகிறார். விலையிலும் அவ்வாறே. கமக்காரன் அறுவடை முடிந்தவுடன் விற்பது நெல். சில திங்களின் பின் கடையிலே அவன் வாங்குவது அரிசி. இவ்விரு விலைகளுக்கும் இடையிலே ஆலையும் வண்டியும் வணிகனும் நிற்கின்றனர். 'அரிசி விலை ஏறிற்று' என்னுஞ் செய்தி விளைவித்தவனுக்கு நற்செய்தியா, தீச்செய்தியா என்பது அவ்விடைவெளியை அறிந்தாற்றான் புலப்படும். 1953 இல் பங்கீட்டரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாடே கொந்தளித்தது. அங்கு அரிசி என்பதே தகுந்த சொல். 1958 இல் குத்தகைக் கமக்காரரின் உரிமைபற்றி இயற்றப்பட்ட சட்டமோ நெற்காணிச் சட்டம் எனப் பெயர் பெற்றது. அதுவும் தகுந்ததே. பத்தலகொடையில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தின் ஆங்கிலப் பெயர் 'றைஸ்' எனக் கொள்ளினும், தமிழிலே அது நெல் ஆராய்ச்சி என்றே வழங்குகிறது. அப்பெயரை இட்டவர் வயலை மறவாதவர் எனலாம். மணிலாவுக்கு அண்மையில் 1960 இல் நிறுவப்பட்ட சர்வதேச நிலையத்துக்கு இந்நற்பேறு என்றும் வாய்ப்பதில்லை. அதனை நெல் என்பாரும் அரிசி என்பாரும் உளர்.

கல்முனைக்கு அணித்தாயுள்ள காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகளார் (1892–1947) கலைச்சொல்லாக்கப் பணியிலே தலைநின்றவர். இல்லாத சொல்லை ஆக்குவது அருமை. இங்கோ ஆக்கவேண்டுவது யாதொன்றுமில்லை. அடிகளார் பிறந்த கரையிலே சொற்கள் மலிந்து கிடக்கின்றன. வயல்வெளியை இப்பகுதியார் 'வட்டை' என்பர். அங்கு நிற்கும் நெற்பயிரையே 'வேளாண்மை' என்பர். வேளாண்மை வெட்டு என்றால் நெல் அறுவடை. குறளிலே விருந்தோம்பற் பகுதியில் இச்சொல் உபகாரம் என்னும் பொருளில் நிற்கிறது. பின்னர் உழுதொழிலைக் குறித்தது. கீழ்க்கரையிலே பயிராகவே நிலத்தில் வேரூன்றிவிட்டது. முஸ்லிம் கமக்காரரும் தமிழ்க் கமக்காரரும் இச்சொற்களை வேறுபாடின்றி வழங்குகின்றனர். சூடு மிதிக்கும் களத்தை அடைந்தால் நெல் 'பொலி'யாகிவிடும். விளைவு குறைந்துவிடுமென அஞ்சி, களத்திலே பொருள்களை நாட்பெயரால் அழையாது வேறு பெயரிட்டழைப்பது பழைய மரபு. சிங்களக் கமக்காரருக்கும் இத்தகைய களத்துமொழி உண்டு. பொலி என்னுஞ் சொல்லை அகராதியிலே நெல்லுக்கு ஒத்த சொல்லெனச் சேர்ப்பவர், அதனைக் கூறுவோனின் அச்சத்தையும் வேண்டுதலையும் களத்திலேயே விட்டுவருகிறார். வெட்டும் இயந்திரம் வயலிலேயே நெல்லைச் சாக்கில் நிரப்பும் இந்நாளிலே, களமே இல்லாதபோது களத்துமொழி எங்ஙனம் வாழும்?

மெய்யான நுண்பொருள் வேறுபாடுகளைக் காணவேண்டின் சோற்றினிடத்தே காணலாம். நிகண்டுகள் அடிசில், அமலை, அயினி, மூரல், மிதவை, மடை, புழுக்கல், ஓதனம் என அடுக்கிச் செல்லும். மாணவர் இவற்றை மனனஞ் செய்து மறந்துவிடுவர். அடுதலால் அடிசில், மூரல் என்பதோ பல்லையும் முறுவலையும் குறிப்பது, பதமாய் வெந்த சோற்றின் வெண்மையை நினைவூட்டுவது. தெய்வத்துக்குப் படைத்தால் மடை. இப்பாகுபாடு ஏட்டோடு அழிந்துவிடவில்லை. கோயில் வீதியிலே வழங்கப்படுவது அன்னதானம். நாகூர் ஆண்டகையின் நினைவாகக் கொடியேற்றும் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலிலே கந்தூரிச் சோறு. பலர் ஒரு சகனைச் சூழ அமர்ந்து ஆணத்தோடு உண்ணும் அச்சோற்றை 'அன்னம்' என மாற்றினால், பொருள் பிழையாகாது. ஆனால் அமர்ந்திருந்தவர் எழுந்து போய்விடுவர். மணமக்களுக்கு இந்துக்கள் இடுவது அறுகரிசி. இறந்தோர்க்கு இடுவது வாய்க்கரிசி. கடமைப்பட்டு உயிர்கொடுப்பதோ செஞ்சோற்றுக் கடன். இவ்விடங்களில் அரிசியைச் சோறாகவோ சோற்றை அரிசியாகவோ மாற்றுவார் எவருமிலர்.

நிகண்டு சோற்றுக்குரிய பெயராகக் கூறிய புழுக்கல் இன்று இடம்பெயர்ந்து புழுங்கல் அரிசியிலே தங்கியுள்ளது. அவ்வரிசிக்கென நெல்லை உமியோடு ஊறவைத்து அவித்தபின்னரே குற்றுவர். மேலே கூறிய மூன்று நிலைகளுக்கும் இது அடங்குவதில்லை. வெந்தும் சோறாகாதது, உமியோடிருந்தும் முளைக்கும் ஆற்றல் அற்றது. முற்றத்துப் பாயிலே அதனைப் பரப்பிக் காலால் துழாவிக் காயவைக்கும் பெண்ணைக் கேட்டால், 'அவிச்ச நெல்லு' என்று விடை கூறி, கோழியை விரட்டப் போய்விடுவாள்.