பன்னிரு கைகளும் ஒரு சந்தையும்

வி. சாந்தாராம் இயக்கி நடித்து 1957இல் வெளிவந்த ‘தோ ஆங்க்கேன் பாரஹ் ஹாத்’ என்னும் இந்தித் திரைப்படம், கொலைக்குற்றத்திற்காகத் தண்டனை பெற்ற அறுவரை ஓர் இளம் சிறை அதிகாரி பாழ்நிலம் ஒன்றிற்கு அழைத்துச்சென்று உழவராக்கும் கதையைச் சொல்கிறது. ஔந்து சமஸ்தானத்தில் நடைபெற்ற திறந்தவெளிச் சிறைச் சோதனையே இதற்கு வித்து. 1975இல் இக்கதை கே. சங்கரின் இயக்கத்தில் ‘பல்லாண்டு வாழ்க’ எனத் தமிழில் வந்தது. சிறைத் திருப்பணியில் ஈடுபடுவோர் இவ்விரு படங்களையும் பார்ப்பது நன்று. ஆயினும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டபின் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தொழில் கற்றுத் திருந்தியவனை யார் வேலைக்கு ஏற்பார்?

படத்தின் தலைப்பிலுள்ள இரு கண்கள் அதிகாரியுடையவை. விலங்கிட்டு அடக்க இயலாதவரை அக்கண்கள் அடக்குகின்றன. அவர் அருகில் இல்லாதபோதும் அவை மனச்சாட்சியாக நின்று காக்கின்றன. மாற்றம் முழுவதும் கைதியின் உள்ளத்தில் நிகழ வேண்டியது என்பதே இதன் உட்கிடை. நம் எழுப்புதல் கூட்டங்களின் பிரசங்கத்திற்கு இஃது எவ்வளவு அணுக்கமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் படத்திலுள்ள சந்தைக் காட்சி இந்த எளிய இறையியலை மறுத்துவிடுகிறது. அறுவரும் தாங்கள் விளைவித்த காய்கறிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்து குறைந்த விலைக்கு விற்கின்றனர். மக்கள் வாங்குகின்றனர், வியாபாரிகளுக்கோ பொறுக்கவில்லை. அடி விழுகிறது. இங்கே கைதிகள் தாக்கப்படுவது பழைய குற்றத்திற்காக அன்று, நேர்மையாக உழைத்து விற்றதற்காக. உள்ளம் மாறியாயிற்று, சந்தை மாறவில்லை. கதை இதனைத் தீயோர் சிலரின் சூழ்ச்சியாகக் காட்டி, அதிகாரியின் தியாக மரணத்தை நோக்கி விரைந்துவிடுகிறது. அந்தச் சந்தையிலேயே இன்னும் சற்று நேரம் நின்றிருக்கலாம் என்பது நம் குறை.

தமிழ்ப் படம் கலைநயத்தில் மூலத்திற்கு நிகரன்று. எனினும் நம்பியார், வீரப்பா, மனோகர் ஆகியோரைக் கைதிகளாக்கியதில், எண்ணிச் செய்ததோ அன்றோ, ஓர் உண்மை புலப்படுகிறது. பல்லாண்டுகளாக வில்லன்களாகவே கண்டு வெறுத்த முகங்களை ஏர் பிடிப்பவராகக் காணும்போது, பார்ப்பவர் மனம் எளிதில் நம்ப மறுக்கிறது. சமுதாயம் விடுதலையானவனைப் பார்ப்பதும் இப்படித்தான்.

இன்று தமிழ்நாட்டுச் சிறைகளில் நெசவும் தையலும் ரொட்டி சுடுதலும் கற்பிக்கப்படுகின்றன. சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் நிலையங்களில் கைதிகள் பணிபுரிகின்றனர். நாமும் தயக்கமின்றி அவர்கள் கையில் பணம் கொடுக்கிறோம். அதே மனிதன் விடுதலையாகித் தனியார் நிலையம் ஒன்றில் வேலை கேட்டால், முதலில் கேட்கப்படுவது காவல்துறையின் நன்னடத்தைச் சான்று. மேலும், தொழில் என்னும் சொல்லே சிறைக்குள் மாசற்றதாக இருந்ததில்லை. துப்புரவு ஒரு சாதிக்கு, சமையல் வேறொரு சாதிக்கு எனப் பிரித்த சிறை விதிகளை உச்ச நீதிமன்றம் 2024இல்தான் செல்லாதவை என்றது. உழைப்பு தானாகவே தூய்மைப்படுத்தும் என்று நம்புவோர் இதனையும் எண்ணிப் பார்ப்பார்களாக.

பிலேமோனுக்கு எழுதப்பட்ட நிருபத்தை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். ஒநேசிமு தப்பியோடிய அடிமையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது நமக்கு இப்போது முக்கியமன்று. அப்பெயருக்குப் ‘பயனுள்ளவன்’ என்பது பொருள். தாமே கட்டுண்டிருந்த பவுலடியார் அப்பெயரை வைத்துச் சொல்விளையாட்டும் ஆடுகிறார். ஆயினும் பயன்படுவான் என்ற பரிந்துரையோடு அவர் நின்றுவிடவில்லை. அவனைச் சகோதரனாக ஏற்கும்படி வேண்டி, அவன் பட்ட கடனைத் தம் கணக்கில் எழுதச் சொல்கிறார். நிருபம் முழுவதும் பேசுவது ஒநேசிமுவோடு அன்று, அவனை ஏற்க வேண்டிய வீட்டுத் தலைவனோடும் அவ்வீட்டில் கூடும் சபையோடும்.

நம் சிறைத் திருப்பணி பெரும்பாலும் ஒநேசிமுவோடு மட்டுமே பேசுகிறது. கிறிஸ்மஸ் நாளில் கேக்கும் கைப்பிரதியும் கொண்டு செல்கிறோம். பேராயங்களின் பள்ளிகள், மருத்துவமனைகள், அச்சகங்கள், விடுதிகள் ஆகியவற்றில் காவலாளியாகவோ தச்சராகவோ சமையற்காரராகவோ விடுதலையானவர் ஒருவரை நியமிக்க எந்த நிர்வாகக் குழு தீர்மானம் இயற்றியிருக்கிறது? அவருக்காகப் பிணை நிற்க எந்தப் போதகர் கையொப்பமிட்டிருக்கிறார்? பிலேமோன் என்ன செய்தான் என்று நிருபம் சொல்லவில்லை. ஆனால் முடிவில் பவுலடியார், தாம் தங்குவதற்கு ஓர் இடத்தை ஆயத்தம்பண்ணி வைக்கும்படி அவனைக் கேட்டுக்கொள்கிறார்.