துரியோதனன் விழ வேண்டிய விதம்

பீமன் வேஷத்துக்கு உடம்பும் குரலும் இருந்தால் போதும். மிச்சத்தைக் கதையே பார்த்துக்கொள்ளும். துரியோதனனுக்கு அந்தச் சலுகை கிடையாது. கொடியேறிய நாளிலிருந்து ஊர் அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறது. துகிலுரிதல் ஆடிய இரவில் மண்ணை வாரித் தூற்றிய அதே பெண்கள்தான், பீமனிடம் அவன் வீழ்கிற படுகளத்தன்று காலையில் அவன் எதிரே வந்து நிற்கிறார்கள். அவர்களுடைய வெறுப்பை வெயில் ஏறுவதற்குள் அவன் துக்கமாக மாற்றிக்காட்ட வேண்டும். அதுவும் ராத்திரி முழுக்கப் பதினெட்டாம் போர் ஆடி, தொண்டை கட்டி, சலங்கை கட்டிய கால் வீங்கிப் போன பிறகு. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, திருத்தணி என்று எங்கள் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் நான் காத்திருப்பது இந்தக் கால்மணி நேரத்துக்குத்தான்.

கர்ண மோட்சம்தான் உச்சம் என்கிற கட்சி பெரியது. மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் இடத்தில் கண் கலங்காதவன் கூத்து பார்க்கவே வர வேண்டாம் என்பார்கள். எனக்கும் அந்த இரவு பிடிக்கும். ஆனால் கர்ணனுக்காக அழுவது சுலபம். வாரிக் கொடுத்தவன், ஏமாற்றப்பட்டவன், பெற்றவள் கைவிட்டவன் என்று கதை ஆரம்பத்திலிருந்தே அவன் பேருக்குக் கண்ணீரைச் சேர்த்துவைத்திருக்கிறது. 1964-இல் வந்த சிவாஜியின் ‘கர்ணன்’ அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தும் விட்டது. துரியோதனனுக்கு அப்படிச் சேமிப்பு எதுவும் இல்லை. வேஷம் கட்டுகிறவர் அன்றைக்குச் சம்பாதித்தால்தான் உண்டு.

படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். முறுக்கிய மீசை, அகலத் திறந்த கண், கையில் கதாயுதம். தொடைக்குள் குங்குமம் கரைத்த நீர் புதைத்துவைக்கப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றித்தான் ஓட்டம், வசை, மோதல், மறுபடி ஓட்டம். கடைசியில் பீமனின் அடி விழுவது மண் தொடையில். வலியைக் காட்ட வேண்டியவனோ பக்கத்தில் உயிரோடு நிற்கிற வேஷக்காரன். இந்த இடைவெளியை நிரப்புவதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. பீமன் அடித்து முடித்த பிறகு துரியோதனன் துடித்தால் அது நடிப்பு என்று தெரிந்துவிடும். முந்திக்கொண்டு துடித்தால் ஒத்திகை என்று தெரிந்துவிடும்.

செய்யாறு பக்கத்து நாடக மன்றம் ஒன்றில் துரியோதனன் கட்டிய ஒரு வாத்தியாரை இதற்காகவே ஊர் ஊராகத் தேடிப்போய்ப் பார்த்திருக்கிறேன். அடி விழுந்ததும் அவர் விழ மாட்டார். நிற்பார். மிருதங்கம் நின்றுபோகும், ஜனமும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். முதலில் பீமனைப் பார்க்க மாட்டார். தூரத்தில் நிற்கிற கிருஷ்ணனைத்தான் பார்ப்பார். பிறகு ஒரு அடி எடுத்துவைக்கப் போவார். அடிபட்ட கால் தன்னுடையது என்பதே மறந்துபோனதுபோல அது பின்னாலேயே கிடக்கும். உடம்பு சாயும்போது ஒரு கை தரையைத் தேடாது. கிரீடத்தைப் பிடிக்கும். முட்டி மண்ணில் படும்வரை அந்தக் கை கிரீடத்தை விடாது. புஜக்கட்டையும் மார்புப்பதக்கமும் சேர்ந்த அத்தனை கனத்தோடு மண்ணுருவத்தின் நெஞ்சின் மேல் மெதுவாகச் சரிவார். மண்ணும் மனிதனும் ஒரே உடம்பு என்று அப்போதுதான் தோன்றும். அந்தக் கிரீடத்தைப் பிடித்த கைக்காக இன்னொரு முறை எத்தனை மைல் வேண்டுமானாலும் போவேன்.

அவர் கிருஷ்ணனைப் பார்ப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. கதாயுதப் போரில் இடுப்புக்குக் கீழே அடிக்கக்கூடாது. கிருஷ்ணன் தன் தொடையைத் தட்டிக் காட்டுகிறான், பீமன் அடிக்கிறான். பலராமனே கொதித்துப்போகிற அநியாயம் அது. நல்லவன் கெலிக்கிறான், ஆனால் சண்டைக்கு வெளியே நிற்பவன் காட்டிய சாடையால், முறை தவறிய அடியால் கெலிக்கிறான். தறி ஓட்டிய என் பெரியப்பா இதில் உறுதியாக இருந்தார். “பீமன் கெலிச்சான்னு எவன்டா சொன்னது? அடிச்சான், அவ்ளோதான்” என்பார். திரௌபதி கூந்தல் முடிந்த பிறகு கையெடுத்துக் கும்பிடுவார், துரியோதனன் மனைவி பெருந்திருவாளின் ஒப்பாரிக்கும் கூடச் சேர்ந்து அழுவார். இரண்டும் அவருக்கு உண்மைதான். ஜனத்தை இப்படி இரண்டு பக்கமும் இழுத்து நிறுத்துகிற சண்டைதான் பெரிய சண்டை என்பது என் கட்சி.

மல்யுத்தக் காட்சி பார்க்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே பிடிபடும். 1997 மார்ச் 23, சிகாகோ பக்கத்து ரோஸ்மான்ட், ரெஸில்மேனியா 13. பிரெட் ஹார்ட் ஊருக்கு நல்லவர், ஸ்டீவ் ஆஸ்டின் கெட்டவர். ஷார்ப்ஷூட்டர் பிடியில் கிடந்து, நெற்றி ரத்தம் பல்லில் வழிய, தோற்றேன் என்று ஆஸ்டின் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மயங்கித்தான் போனார். நடுவராக இருந்த கென் ஷாம்ராக் ஆட்டத்தை நிறுத்தினார். மணி அடித்த பிறகும் பிரெட் அடித்துக்கொண்டிருந்தார். கைகொடுக்க வந்தவர்களை உதறிவிட்டு ஆஸ்டின் தானாக நொண்டிக்கொண்டு போனபோது அரங்கம் அவர் பேரைச் சொல்லிக் கத்தியது. கெட்டவராக வந்தவர் நாயகனாகப் போனார். அந்த ஆட்டத்தைப் போற்றுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது சித்திரை வெயிலில் எங்கள் படுகளத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை.

தொண்ணூறுகளில் எங்கள் கையில் இருந்த மல்யுத்தச் சீட்டுக்கட்டை நினைத்துக்கொள்கிறேன். உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ஆடிய சண்டைகள், ரேங்க் என்று எல்லாவற்றுக்கும் ஒரு எண் இருந்தது. விழுவதற்கு எண் போட்ட சீட்டு ஒன்றுகூட இல்லை. அந்தக் கணக்கில் வளர்ந்தவர்கள் இன்றைக்கும் பெரிய உடம்பையே பெரிய ஆட்டம் என்று நினைக்கிறார்கள். தாராசிங்கை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். 1959-இல் கல்கத்தாவில் ஜார்ஜ் கோர்டியென்கோவை வீழ்த்தி காமன்வெல்த் பட்டம் வாங்கியவர், 1968-இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்றவர், பிறகு தூர்தர்ஷன் ராமாயணத்தில் அனுமன். அந்தப் புகழுக்கு எதிரே நின்று தோள் கொடுத்த கிங்காங்கை எத்தனை பேர் நினைக்கிறோம்? எமில் சாயா என்ற அந்த ஹங்கேரியர் தாடியும் மலைபோன்ற உடம்புமாக இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் ஆண்டுக்கணக்கில் ஜனத்தின் வசவை வாங்கிக்கொண்டார். அந்த மலை அவ்வளவு பயமாக நின்றதால்தான் அதைச் சாய்த்தவர் அவ்வளவு உயரமாகத் தெரிந்தார்.

முடிவு முன்கூட்டியே தெரிந்த சண்டையில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. பாரதத்தில் எந்த முடிவு தெரியாது? சண்டையைப் பொய்யாகச் செய்வது நிஜமாகச் செய்வதைவிடக் கஷ்டம். இருவர் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே நம்பி ஒப்படைத்துக்கொள்கிற வேலை அது. 1982-இல் பெங்களூரில் ‘கூலி’ படச் சண்டைக் காட்சியில் ஒரு நொடி பிசகியதில் அமிதாப் பச்சன் சாவின் விளிம்புவரை போய்வந்தார். அன்றைக்கு அவர் எதிரே நடித்தவர் புனீத் இஸ்ஸார். 1988-இல் தொடங்கிய பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத’த்தில் துரியோதனன் அவர்தான். ஒரு நொடியின் விலை தெரிந்த ஒருவர் அந்த வேஷத்தைக் கட்டினார் என்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

இன்றைய சிறு மல்யுத்தக் குழுக்களின் ரசிகர்களோடு எனக்குச் சண்டை வருவது இன்னொரு இடத்தில். கயிற்றின் மேலேறிக் குட்டிக்கரணம், அதற்குப் பதில் குட்டிக்கரணம், ஒருவன் கழுத்து முறிகிற மாதிரி விழுந்தும் அடுத்த விநாடி எழுந்து ஓடுகிறான். பார்க்கிறவர்கள் கை வலிக்கத் தட்டுகிறார்கள். அடி வாங்கியவன் அதை மதிக்காவிட்டால் அடித்தவனுக்கு என்ன மிஞ்சும்? டோக்கியோவின் டிடிடி குழுவில் கோட்டா இபுஷி ஒரு காற்றடைத்த பொம்மையோடு முழு ஆட்டம் ஆடியிருக்கிறார். யோஷிஹிகோ என்று அந்தப் பொம்மைக்குப் பேர். அது இவரைத் தூக்கி எறிகிறது, கழுத்தைப் பிடித்து நெரிக்கிறது, இவர் தவிக்கிறார். பாய்ச்சலுக்குப் பேர்போன அவரே அன்றைக்கு வாங்குகிறவனின் கலையை முழுசாகக் காட்டிவிட்டார். அடி என்பது வாங்குகிறவன் உடம்பில்தான் உண்டாகிறது. மண் தொடையில் விழுந்த அடிக்கு மனிதன் சாய்வதும் இதே பாடம்தான், பல தலைமுறை முன்னாலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

நம் நாட்டுக் குழுக்களில் தி கிரேட் காலி 2015-இல் ஜலந்தரில் தொடங்கிய பள்ளியை நான் மதிக்கிறேன். சல்வார் கமீஸோடு ரிங்குக்குள் இறங்கி, சவால் விட்ட மல்லர் புல்புல்லைத் தூக்கிப்போட்ட கவிதா தேவி அங்கிருந்துதான் 2017-இல் அமெரிக்க மேடைவரை போனார். ஆனால் 2016 பிப்ரவரியில் ஹல்த்வானியில் வெளிநாட்டு மல்லர்கள் காலியை நாற்காலியால் அடித்து, அவர் ஆஸ்பத்திரியில் படுத்து, செய்திச் சேனல்கள் பதறி, நான்கே நாளில் டேராடூனில் வந்து பழிவாங்கியதை என்னால் ரசிக்க முடியவில்லை. கதை நல்ல கதை. வெளிநாட்டுக்காரர்களுக்கு அடிக்கத் தெரிந்தது. அடித்துவிட்டுத் தோற்பதற்கு மட்டும் அவர்களுக்கு நேரமே கொடுக்கப்படவில்லை. நாயகன் வந்தார், முடித்தார், போனார். கெட்டவன் கடைசியில் யாராக இருந்தான் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் பள்ளிப்பட்டு ஜனத்தை இந்த விஷயத்தில் ஏமாற்ற முடியாது. 1960 ஏப்ரல் 1 வரை இது சித்தூர் மாவட்டம். இன்றைக்கும் களத்தைச் சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வந்திருக்கிற உறவுக்காரர்கள். அவர்களுக்குத் துரியோதனன் என்றால் என்.டி.ராமாராவ். 1977 சங்கராந்திக்கு வந்த ‘தான வீர சூர கர்ணா’வில் அவர் கிருஷ்ணனாகவும் கர்ணனாகவும் நடித்து, துரியோதனனையும் விட்டுக்கொடுக்காமல் தானே கட்டினார். அவருடைய சுயோதனன் தோளை அசைப்பதிலேயே ராஜ்யம் தெரியும். அதற்கு முன்னால் ‘பாண்டவ வனவாச’த்தில் எஸ்.வி.ரங்காராவின் துரியோதனன், எதிரே ராமாராவ் பீமன். இந்த மிடுக்கைப் பார்த்து வளர்ந்த கண்ணும், கட்டைக்கூத்தின் உரத்த வேகத்தில் ஊறிய காதும் ஒரே கூட்டத்தில் நிற்கின்றன. வெறும் கூச்சல் போடுகிற துரியோதனன் இங்கே எடுபட மாட்டான். வெறும் ஒயில் காட்டுகிறவனும் எடுபட மாட்டான்.

அப்படிப்பட்ட ஜனத்துக்கு இப்போது கிடைப்பது என்ன? களரிக்கு மேலே மைக்கைக் கட்டித் தொங்கவிட்டபோதே ஆட்டம் பாதி போயிற்று. மைக்குக்குக் கீழே வரிசையாக நின்று பாடுகிறார்கள். சுழன்று ஆட வேண்டிய காலுக்கு வேலை இல்லை. படுகளத்துக்கோ கையில் பிடிக்கிற மைக் வந்துவிட்டது. ஒரு கையில் கதாயுதம், ஒரு கையில் மைக் என்று பீமன் ஓடுகிறான். அந்தக் கையால் எதை ஓங்குவது? கல்யாண முருங்கை மரத்தில் கடைந்து கண்ணாடிச் சில்லு பதித்த கட்டைகள் இருந்த இடத்தில் தெர்மாகோல் வந்திருக்கிறது. பார்க்கப் பளபளப்பு அதிகம்தான். ஆனால் கனமில்லாத கிரீடம் விழுந்தால் யாருக்குக் கவலை, அதை எதற்குப் பிடிக்க வேண்டும்? கனம் இருந்ததால்தான் என் வாத்தியாரின் கை அங்கே போனது. முந்தின இரவைச் சினிமாப் பாட்டும் ரெக்கார்டு டான்ஸும் தின்றுவிடுவதால் பதினெட்டாம் போர் மூன்று மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. மடுவுக்குள் ஒளிந்திருக்கும் துரியோதனனைப் பீமன் வைது வெளியே வரவழைக்கிற வாதத்தையே விட்டுவிடுகிறார்கள். கோபம் ஏற இடமில்லாமல் போனால் துக்கம் எங்கிருந்து வரும்?

களத்திலும் அவசரம்தான். சாயங்காலம் தீமிதிக்கு வி.ஐ.பி. வருகிறார் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அடி விழுவதற்கு முன்பே செல்போனை நீட்டிக்கொண்டு கூட்டம் மண்ணுருவத்தின் மேலேயே ஏறிவிடுகிறது. துரியோதனன் எங்கே விழுந்தான் என்பது பின்வரிசைப் பெண்களுக்குத் தெரிவதே இல்லை. அவர்களுக்காகத்தானே அவன் விழுகிறான்?

விழாக்குழுவினரிடம் நான் கேட்பதெல்லாம் கையில் காசில்லாமலே செய்யக்கூடியவை. மண்ணுருவத்தைச் சுற்றிப் பத்தடிக்குக் கயிறு கட்டுங்கள். அந்தக் கால்மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்துங்கள். நோட்டீஸில் உபயதாரர் பெயரெல்லாம் போடுகிற இடத்தில் துரியோதனன் கட்டுகிறவர் பெயரையும் ஒரு வரி போடுங்கள். பீமன் கட்டுகிற இளைஞர்களுக்கும் ஒன்று சொல்வேன்: அடித்துவிட்டு உடனே கையைத் தூக்கி விசில் வாங்காதீர்கள், அவர் விழுந்து முடிக்கட்டும். உங்கள் அடிக்கு எவ்வளவு பலம் என்று ஊருக்குக் காட்டப்போகிறவர் அவர்தான்.