முதுகு காட்டிக்கொடுக்கும் பந்து

சோளகம் வீசும் மாதங்களில் யாழ்ப்பாணத் தீவகத்தில் கரப்பந்தாட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும், களத்தில் கத்திப் பிரயோசனமில்லை. புங்குடுதீவில் இறுப்பிட்டிப் பக்கம் ஒரு வெளியில் வலை கட்டி ஆடினால், "எனக்கு", "விடு", "பின்னால" என்று கூப்பிடுவதில் பாதியைக் காற்று கொண்டுபோய்விடும். மிச்சத்தைக் கரையில் நிற்கும் சனத்தின் கூச்சல் விழுங்கிவிடும். ஆனாலும் ஆறு பேரும் ஒருவரோடொருவர் மோதாமல் ஆடுகிறார்கள். இந்த ஆட்டத்தை அலசுகிறவர்கள் அடியின் வேகத்தையும் பாய்ச்சலின் உயரத்தையும் பற்றியே எழுதுகிறோம். எனக்கென்னவோ, பெரும்பாலான செற்றுகளைத் தீர்மானிப்பது யார் யாருடைய உடம்பைச் சரியாகப் பார்த்தார் என்பதுதான்.

முதலில் சுலபமானதைச் சொல்லிவிடலாம். எதிரணி சேர்விஸ் போடுமுன், அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக்கொடுக்கும் செற்றர் வலைக்கு முகம் கொடுத்து நின்றபடி ஒரு கையை உடம்போடு மறைத்துத் தன் ஆட்களுக்கு விரல் காட்டுவார். கடற்கரைக் கரப்பந்தில் வலைக்கருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னால் ஒரு விரல் காட்டினால் நேர்க்கோட்டு அடியை மறிப்பேன், இரண்டு காட்டினால் குறுக்கடியை மறிப்பேன், முட்டி பிடித்தால் மறிக்கவே மாட்டேன் என்று பொருள். இதெல்லாம் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. ஐந்து நிமிடத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

சொல்லிக்கொடுக்க முடியாதது மற்றது: ஆள் தெரியப்படுத்த விரும்பாமலே உடம்பு தெரியப்படுத்துவது. பந்து செற்றரின் தலைக்கு மேல் ஏறும்போது எதிரே நிற்கும் நல்ல தடுப்பாளரின் கண்ணைக் கவனியுங்கள். அது பந்தில் இருக்காது, செற்றரின் இடுப்பில் இருக்கும். செற்றர் பந்துக்குக் கீழே கொஞ்சம் கூடுதலாகப் புகுந்து முதுகை வளைத்தால் பந்து பின்பக்கம் போகப்போகிறது. பாரம் முன்காலில் விழுந்து பந்து நெற்றிக்கு முன்னால் நின்றால் முன்பக்கம். தடுப்பாளர் அப்போதே நகரத் தொடங்கிவிடுவார். பந்தையே பார்த்துக்கொண்டிருப்பவர் போய்ச்சேர்வதற்குள் அடி விழுந்திருக்கும். தேர்ந்த செற்றரோ எல்லாப் பந்தையும் ஒரே இடத்தில், ஒரே நிமிர்வோடு எடுப்பார். விரல் பிரியும்வரை அவர் முதுகில் ஒன்றும் எழுதியிருக்காது. எப்படித் தெரிந்தது என்று தடுப்பாளரைக் கேட்டால், "ஆளைப் பார்த்தால் தெரியும்தானே" என்பார். அதற்குமேல் அவரிடமிருந்து விளக்கம் வராது, வரவும் முடியாது.

இதை அளந்து பார்த்தவர் அவுஸ்திரேலிய ஆய்வாளர் புரூஸ் அபர்னதி. 1987இல் வெளியான ஆய்வில் பூப்பந்தாட்டப் படத்தின் பகுதிகளை மறைத்தும், அடி விழுமுன் படத்தை நிறுத்தியும், பந்து எங்கே விழும் என்று கேட்டார். புதியவர்கள் மட்டையிலிருந்து மட்டுமே தகவல் எடுத்தார்கள். தேர்ந்தவர்கள் அதற்கு முன்னமே அடிப்பவரின் கையிலிருந்தும் எடுத்தார்கள். கண் பார்வை கூர்மையானது என்பதல்ல விசயம், எங்கே பார்ப்பது என்று தெரிந்திருப்பது.

கிரிக்கெட்டில் நமக்கு நெருக்கமான சாட்சி இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் அஜந்த மென்டிஸ். 2008 ஜூலையில் கராச்சியில் ஆசியக் கிண்ண இறுதியில் 13 ஓட்டங்களுக்கு 6 விக்கெட், அதைத் தொடர்ந்து இந்தியாவுக்கெதிரான மூன்று டெஸ்டில் 26. நடுவிரலால் சுண்டிவிடும் அந்தப் பந்தின் கைமொழி எந்தத் துடுப்பாட்டக்காரரின் கண்ணுக்கும் பழக்கமானதாக இல்லை. பிறகு ஒளிப்பதிவுகளை ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு இந்தியாவில் அவர் பந்து வீசியபோது பயம் பெருமளவு போயிருந்தது. முரளிதரனின் கையையும் உலகம் பதினெட்டு ஆண்டுகள் பார்த்தது. அப்படியும் 800 விக்கெட்டைத் தடுக்க முடியவில்லை. கையைப் படித்துவிட்டால் மட்டும் போதாது, பந்து சுழலும் அளவு இருக்கிறதே!

அப்படியானால் உடம்பின் பேச்சு முழுக்கப் பழக்கத்தால் வருவதா? இல்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், பராலிம்பிக் ஜூடோப் போட்டிகளின் படங்களை உளவியலாளர்கள் ஜெசிக்கா டிரேசியும் டேவிட் மட்சுமோட்டோவும் ஒப்பிட்டார்கள். வென்றவர் நெஞ்சு விரிகிறது, கை உயர்கிறது, தலை பின்னால் சாய்கிறது. தோற்றவர் தோள் விழுகிறது, நெஞ்சு ஒடுங்குகிறது. பிறவியிலேயே பார்வையில்லாதவர்களும் இதையே செய்தார்கள். ஒருபோதும் இன்னொருவர் செய்து பார்த்திராதவர்கள்! ஆனால் 2008இல் வெளியான அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. மேற்கு நாடுகளின் பார்வையுள்ள வீரர்கள் தோல்வியின் ஒடுக்கத்தைக் குறைவாகவே காட்டினார்கள். பிறவியிலேயே பார்வையற்றவர்களிடம் அந்த அடக்கம் இல்லை. அதாவது தோள் விழுவது கூடப் பிறந்தது, அதை மறைப்பது கற்றுக்கொண்டது.

23-23இல் ஒருவர் பந்தை வெளியே அடித்துவிட்டுத் தோளைத் தொங்கப்போட்டால், எதிரணியில் விபரமானவர் அடுத்த சேர்விசை அவருக்கே போடுவார். அதனால்தான் பழைய ஆட்டக்காரர்கள் புள்ளி போனாலும் ஓடிவந்து சின்னவரின் கையில் தட்டுகிறார்கள். ஆறுதல் பாதி, அவர் முகத்தையும் தோளையும் எதிரணிக்கு மறைப்பது பாதி. முகத்தைவிடத் தோளைத்தான் மறைக்கவேண்டும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. டென்னிஸ் வீரர்கள் ஒரு முக்கியப் புள்ளியை வென்ற, இழந்த கணப் படங்களை வைத்து 2012இல் ஹில்லெல் அவியேசர் குழு வெளியிட்ட ஆய்வில், முகத்தை மட்டும் பார்த்தவர்களால் வென்றவரையும் தோற்றவரையும் பிரித்தறிய முடியவில்லை. உடம்பைப் பார்த்தவர்களால் முடிந்தது. (பேச்சில் 93 வீதம் சொல்லில்லாமலே நடக்கிறது என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்வார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியனின் ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. சொல்லும் குரலும் முகமும் முரண்படும்போது விருப்பு வெறுப்பை எதிலிருந்து எடுக்கிறோம் என்பதுபற்றியது அது. அந்த எண்ணை விட்டுவிடுவது நல்லது.)

ஆவணி விடுமுறைக்கு ஊர் வரும் புலம்பெயர் பிள்ளைகள் களத்தில் இறங்கும்போது, பேசி வைத்த சைகை, உடம்பு காட்டிக்கொடுப்பது, ஊருக்கு ஊர் மாறும் பழக்கம் என்று மூன்று வகையும் ஒரே இடத்தில் தெரியும். பாரிசிலோ சூரிச்சிலோ வளர்ந்த பிள்ளைக்கு விரல் சைகை வேறு, அதை இரண்டு நிமிடத்தில் பேசித் தீர்த்துவிடலாம். செற்றரின் முதுகைப் படிக்கும் பிள்ளை இங்கேயும் படிக்கும், முதுகுக்கு மொழி கிடையாது. இடறுவது தலையாட்டலில். "பந்தை நான் எடுக்கட்டோ" என்று கண்ணால் கேட்கும் பிள்ளைக்கு, நம்மூர் அண்ணை தலையைப் பக்கவாட்டில் சரித்து "ஓம், எடு" என்பார். பிள்ளைக்கு அது "வேண்டாம்" என்று படும். இரண்டு பேருக்கும் நடுவில் பந்து மணலில் விழும். கரையில் ஒரே சிரிப்பு.

கிளித்தட்டு ஆடிய தலைமுறைக்கு இந்தப் பார்வை வலை கட்டுமுன்னமே வந்துவிட்டது. கோட்டில் மறிப்பவர் எந்தக் காலில் பாரம் வைத்திருக்கிறார் என்று பார்த்து மறுபக்கம் பாய்வதுதானே அந்த ஆட்டம்? யாரும் பாடம் நடத்தவில்லை. ஏமாந்து ஏமாந்து கற்றார்கள். பிறகு களத்தோரம் நின்று பந்து பொறுக்கிக் கொடுத்து, ஒரு ஆள் குறையும் நாளில் பின்வரிசையில் இறங்கி, பெரியவர்களின் உடம்பைப் பார்த்து வளர்ந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் போரால் புங்குடுதீவுச் சனம் இடம்பெயர்ந்துபோனபோது அறுந்தது இந்தச் சங்கிலியும்தான். இன்று வயதுப் பிரிவுச் சுற்றுப்போட்டிகள் நடக்கின்றன, நல்லது. ஆனால் பதினைந்து வயதுக்காரர் பதினைந்து வயதுக்காரரை மட்டும் பார்த்தால், படிக்கத்தக்க முதுகு அவர் எதிரே எப்போது நிற்கும்?

பரிசுக் கிண்ணத்துக்குக் காசு அனுப்பும் ஊர்ச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: அதில் ஒரு பகுதியை மாலை நேரக் கலப்பு ஆட்டத்துக்கு ஒதுக்குங்கள், பெரியவர் மூவர், சின்னவர் மூவர். பயிற்றுநர்கள் வாரத்துக்கு ஒரு செற்றையாவது வாய் திறக்காமல் ஆடவிடட்டும். யாருக்குப் பார்க்கத் தெரியும், யாருக்கு இனித்தான் பழக்கவேண்டும் என்பது முதல் பத்துப் புள்ளிக்குள் வெளித்துவிடும்.