எதிராளியின் கை திறக்கும்போது

சீட்டாட்டத்தில் கை என்பது ஒருவருடைய சொந்த வீடு. ரம்மியில் பதிமூன்று சீட்டை விசிறியாகப் பிடித்து உட்கார்ந்துவிட்டால் யாரும் அதைத் தொட முடியாது. நாம் கீழே போடுவதை எடுத்துக்கொள்வதோடு சரி. இருபத்தெட்டிலும் அப்படித்தான். கழுதையில் வெட்டு விழுந்தால் ஊர்ச் சுமையெல்லாம் நம் கைக்கு வந்து சேரும், ஆனால் நம்மிடமிருந்து எதையும் பிடுங்க மாட்டார்கள். நம் பக்கத்தில் அடுத்தவர் கைக்குள்ளேயே புகுந்து எடுக்கிற ஆட்டம் என்றால் எனக்கு லிட்டரேச்சர்தான் நினைவுக்கு வரும். எட்டுகளை ஒதுக்கிவிட்டு 48 சீட்டு, ஆறு பேர், இரண்டு அணி. எதிரணியில் ஒருவரைப் பார்த்து “இஸ்பேடு ராணி கொடு” என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இஸ்பேடில் அந்தச் சீட்டு சேரும் பாதியில் ஒன்றாவது நம்மிடம் இருந்தால்தான் கேட்க முடியும். கேட்டது அவரிடம் இருந்தால் கொடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் கேட்கும் முறை அவருக்குப் போய்விடும். கேட்டுக் கிடைத்த நொடியில் வட்டத்தில் எழும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு, இந்தக் கட்டுரை எதைப் பற்றியது என்பது பாதி புரிந்திருக்கும்.

மீதிப் பாதி மேஜிக்: த கேதரிங் என்ற ஆட்டத்தைப் பற்றியது. ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி 1993இல் வெளிவந்தது. ஆயிரக்கணக்கான சீட்டுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் அது என்ன செய்யும் என்று அச்சடித்திருக்கும். நிலச் சீட்டுகளை முறைக்கு ஒன்றாக இறக்கி, அவை தரும் மனாவைச் செலவழித்து மற்றச் சீட்டுகளை ஆட வேண்டும். இதில் கியூப் என்று ஒரு வகை இருக்கிறது. நமக்குப் பிடித்த சீட்டுகளை நாமே பொறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிரதி வைத்து, ஒரு பெரிய கட்டாகச் சேர்த்துக்கொள்வது. எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு 15 சீட்டு கொண்ட மூன்று பொட்டலம் பிரித்து, ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்தில் தள்ளிவிடுவார்கள்; இதுதான் டிராஃப்ட். எட்டு, மூன்று, பதினைந்து பெருக்கினால் 360. எடுத்ததை வைத்து ஆளுக்கு 40 சீட்டில் ஒரு கட்டு அமைத்து ஆட வேண்டும்.

ரெட்டிபாளையத்தில் இதற்குக் கடை கிடையாது. சுண்ணாம்புக்கல் லாரி போகும் சாலையோர வீட்டு மாடியில், சிமென்ட் ஆலை ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்காகக் காத்திருந்து ஆடுகிறோம். சீட்டுகளில் பாதி வெளியூரிலிருந்து வாங்கியவை. விலை எட்டாதவற்றைக் கலர் பிரிண்ட் எடுத்து, சாதாரண சீட்டின் மேல் வைத்து கவரில் செருகியிருக்கிறோம். எந்த 360 என்று முடிவு செய்ய உட்கார்ந்தபோது மற்றதெல்லாம் ஒரே மாலையில் முடிந்தது. ஒரு கேள்வி மட்டும் வாரக்கணக்கில் இழுத்தது: எதிராளி கையிலிருந்து சீட்டைப் பிடுங்கிக் குப்பையில் போடவைக்கும் சீட்டுகளைச் சேர்ப்பதா, வேண்டாமா?

வேண்டாம் என்பவர்களின் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. எங்கள் முதல் கட்டில் ஹிம் டு டூராக் என்ற சீட்டை வைத்திருந்தோம். 1994இல் வந்தது, இரண்டே மனா, எதிராளி கையிலிருந்து இரண்டு சீட்டு, குருட்டுவாக்கில் போய்விடும். ஓர் இரவு மச்சான் இரண்டாவது முறையிலேயே அதை ஆடினான். எதிரில் இருந்த அண்ணன் ஷிஃப்ட் முடித்துக் குளித்துவிட்டு அரை மணி நேரம் சைக்கிள் மிதித்து வந்தவர். அவர் கையில் மிச்சமிருந்த இரண்டு நிலமும் போயின. “இருந்ததே ரெண்டு லேண்டு, ரெண்டும் போச்சு. இனி நான் என்னத்தடா ஆடுறது?” என்றார். பத்து நிமிடம் சும்மா சீட்டை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு எழுந்துபோனார். தோற்றது அவருக்கு வலிக்கவில்லை. ஆடவே விடாமல் போனதுதான் வலித்தது.

அன்றிலிருந்து கையைக் கலைக்கும் சீட்டு எதைப் பார்த்தாலும் ஒரே கேள்வி கேட்கிறேன்: இது கையைத் திறக்கிறதா, இல்லை இருட்டில் துழாவுகிறதா? 1993இன் முதல் தொகுப்பிலேயே வந்த மைண்ட் ட்விஸ்ட், ஒரு கறுப்பு மனாவுக்கு மேல் எவ்வளவு மனா கொட்டுகிறோமோ அவ்வளவு சீட்டைக் குருட்டுவாக்கில் எடுத்துவிடும். போட்டிகளில் ஒரு காலத்தில் அதைத் தடையே செய்திருந்தார்கள். இந்த வகைச் சீட்டை ஆடுபவருக்கும் இதில் யோசனை இல்லை, இழப்பவருக்கும் இல்லை. பார்த்து ரசிக்க அதில் ஒன்றுமே இல்லை என்பது என் தீர்மானம். எங்கள் கட்டிலிருந்து அவற்றை எடுத்துவிட்டோம்.

டியூரெஸ் வேறு சாதி. 1998இல் வந்தது, ஒரே ஒரு கறுப்பு மனா. எதிராளி கையை விரித்துக் காட்ட வேண்டும்; உயிரினமோ நிலமோ அல்லாத ஒன்றை நாம் தேர்ந்தெடுத்துக் குப்பைக்கு அனுப்பலாம். 2007இல் வந்த தாட்சீஸ் இன்னும் தாராளம்: நிலம் தவிர எதையும் எடுக்கலாம், ஆனால் நம் உயிர்ப்புள்ளியில் இரண்டு குறையும். 2010இன் இன்குவிசிஷன் ஆஃப் கோஸிலெக், மூன்று மனாவுக்கு மேற்பட்டதைத் தொடாது. மூன்றும் நிலத்தை விட்டுவிடுவதைக் கவனியுங்கள். அண்ணன் எழுந்துபோன காரணம் இங்கே எழவே எழாது.

இப்படிப்பட்ட சீட்டு ஆடப்படும்போது ரசிக்க வேண்டிய இடம், கை விரிந்ததற்கும் விரல் நீள்வதற்கும் நடுவிலுள்ள அந்த அரை நிமிடம். ஓர் உதாரணம் சொல்கிறேன். தாட்சீஸ் ஆடியாயிற்று. எதிரே நிலம் இரண்டு, லானோவர் எல்வ்ஸ் என்ற ஒரு மனாச் சிற்றுயிர், மூன்று மனா விலங்கு ஒன்று, நான்கு மனா விலங்கு ஒன்று, நம் உயிரினத்தைக் கொல்லும் மந்திரம் ஒன்று, கடைசியாக ஆறு மனா டிராகன். புதிதாக ஆடுபவர் விரல் நேராக டிராகனுக்குப் போகும். பயமுறுத்துவது அதுதானே. ஆனால் இரண்டு நிலம் வைத்திருப்பவர் டிராகனை எப்போது இறக்கப்போகிறார்? அதற்குள் ஆட்டம் முடிந்திருக்கலாம். இந்தக் கை நிற்பது அந்தச் சிற்றுயிரின் மேல். அது தரும் மனா இருந்தால்தான் மூன்று மனா விலங்கு நேரத்துக்கு வரும். அதை எடுத்தால் மற்ற மூன்று சீட்டும் கையிலேயே திணறும். இதையே இன்னொரு விதமாகப் பாருங்கள்: நம் கையில் ஒரே ஒரு நல்ல உயிரினம்தான், நம்பிக்கையெல்லாம் அதன் மேல்தான் என்றால், எடுக்க வேண்டியது கொல்லும் மந்திரத்தை. விரிந்திருப்பது ஒரே கைதான். சரியான பதிலோ நம் கையைப் பொறுத்து மாறுகிறது. இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் பழகியவருக்கு ஆட்டத்தின் வேறெந்த இடமும் இவ்வளவு இனிக்காது. ஒருவர் தன் திட்டத்தை முழுசாகக் காட்டுகிறார். இன்னொருவர் அதைப் படிக்கிறார். அவருடைய விரல் எங்கே போகிறது என்பதிலிருந்து அவர் திட்டமும் வெளியே வந்துவிடுகிறது.

எடுத்தபின்னும் ரசனை முடிவதில்லை. பார்த்த ஆறு சீட்டும் மனதில் நிற்கும். அடுத்தடுத்த முறைகளில் எதிராளி புதுச் சீட்டு எடுக்க எடுக்க அந்தப் படம் மங்கும். மூன்றாவது முறையில் நமக்கு எவ்வளவு தெரியும், ஐந்தாவது முறையில் எவ்வளவு தெரியாது என்று கணக்குப் போட்டபடி ஆட வேண்டும். இருபத்தெட்டில் துருப்பு திறந்தபின் ஆடுவதற்கும் கவிழ்ந்திருக்கும்போது ஆடுவதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

லிட்டரேச்சர்காரர்களுக்கென்றே செய்தது போன்ற சீட்டு ஒன்று உண்டு. கபால் தெரபி, 2002. ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். எதிராளி கையைக் காட்ட வேண்டும். அந்தப் பெயருள்ளது இருந்தால் போகும். பிறகு நம் உயிரினம் ஒன்றைப் பலிகொடுத்து, குப்பையிலிருந்தே அதை இரண்டாம் முறை ஆடலாம். முதல் முறை குருட்டடி, இரண்டாம் முறை பார்த்த கைமேல் அடி. சாதாரண ஆட்டத்தில் முதல் பெயர் வெறும் ஊகம். கியூபில் அப்படியல்ல, ஏனென்றால் டிராஃப்டில் பக்கத்தில் தள்ளிவிட்ட சீட்டுகள் நம் கண்ணில் பட்டவை. முதல் பொட்டலத்தில் இடது பக்கம் தள்ளிய அந்த நல்ல மந்திரத்தை யார் எடுத்திருப்பார்? அவரோடுதான் இப்போது ஆடுகிறோமா? ஒரு மணி நேரம் முன்பு விட்டுக்கொடுத்த சீட்டைப் பெயர் சொல்லித் திரும்பப் பிடுங்குவதில் இருக்கும் சுகத்துக்காகவே இதைக் கட்டில் வைக்கலாம்.

எத்தனை வைப்பது என்பதற்குக் கணக்கு உதவும். கடையில் வாங்கிக் கட்டும் 60 சீட்டுக் கட்டில் தாட்சீஸ் நான்கு, இன்குவிசிஷன் நான்கு என்று எட்டு வைத்தால், முதல் ஏழு சீட்டில் ஒன்றாவது வர நூற்றுக்கு 65 வாய்ப்பு. அப்படி ஆடும்போது பெரும்பாலான ஆட்டங்கள் கை பறிபோய்த்தான் தொடங்கும். கியூபில் ஒவ்வொன்றும் ஒற்றைப் பிரதி. 40 சீட்டில் ஒன்று இருந்தால் முதல் கையில் வர நூற்றுக்குப் பதினேழரை; ஒருவர் முயன்று மூன்று சேர்த்தாலும் 45. நாங்கள் 360இல் எட்டு வைத்திருக்கிறோம். அது போதும். அதற்கு மேல் போனால் இரண்டு பேர் பத்தாவது முறையில் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க, ஒருவர் டியூரெஸை எடுத்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். வெறுங்கைக்கு எதிரே அந்தச் சீட்டுக்கு மதிப்பே இல்லை.

அந்தக் குறைக்கு மருந்தாக எட்டில் பாதி உயிரினங்களாக இருக்கட்டும். டைட்ஹாலோ ஸ்கல்லர் (2008) கையைத் திறந்து ஒன்றை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அதைக் கொன்றால் சீட்டு திரும்பி வந்துவிடும். கைட்செயில் ஃப்ரீபூட்டரும் (2017) அதே மாதிரி, கூடவே பறக்கும். அடகு வைத்த நகை போல, மீட்க வழி இருக்கிறது. இழந்தவருக்கு உடனே ஒரு வேலை கிடைக்கிறது. அவர் முகத்தில் வாட்டத்துக்குப் பதில் யோசனை வருகிறது. புதியவர்கள் இருக்கும் வட்டத்தில் முதலில் இவற்றைத்தான் சேர்ப்பேன்.

முழுக்க நீக்கிவிடலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆட்டத்தில் மனாவுக்கும் சீட்டுக்கும் நிறம் உண்டு; நிறத்துக்கொரு குணம். நீல நிறத்துக்கு எதிராளியின் மந்திரத்தை நடுவழியில் தடுக்கும் சக்தி உண்டு. கறுப்பு, உயிரினங்களைக் கொல்லும். ஆனால் மேசைக்கு வந்துவிட்ட கருவிகளையும் நிலைத்து நிற்கும் மந்திரங்களையும் அது நெடுங்காலமாகத் தொடமுடியாமல்தான் தவித்தது. அவை கையில் இருக்கும்போதே பறிப்பதுதான் கறுப்பின் வழி. அதை எடுத்துவிட்டால் ஒரு நிறத்தின் குணமே போய்விடுகிறது.

இழக்கும் பக்கத்திலும் ரசனை உண்டு. எதிரே கறுப்பு நிலம் விழுந்ததும், எதை முன்கூட்டியே ஆடிவிடுவது, எதைக் கையில் வைத்துத் தாங்குவது என்ற யோசனை தொடங்கிவிட வேண்டும். மைண்ட் ராட் போன்றவற்றில் எதைப் போடுவது என்பது இழப்பவர் முடிவு. ஆட்டத்தின் பின்பாதியில் தேவைக்கு மிஞ்சிய நிலத்தை இறக்காமல் கையிலேயே வைத்திருப்பவர், அந்த நேரத்தில் அதைப் போட்டுத் தப்பிப்பார். லாக்ஸோடன் ஸ்மைட்டர் (2012) எதிராளியால் குப்பைக்குப் போக வேண்டி வந்தால் நேராகக் களத்துக்கே வந்துவிடும். கட்டில் இப்படி ஒன்றிரண்டு இருப்பது தெரிந்தால் பறிப்பவர் கையும் கொஞ்சம் தயங்கும்.

எங்கள் மாடியில் ஒரு வழக்கம் இருக்கிறது. கையைக் காட்டச் சொன்னால் சீட்டுகளை விசிறியாகத் தூக்கிக் காட்டக்கூடாது. பாயின் மேல், எதிராளியைப் பார்த்தபடி, எழுத்து அவருக்கு நேராக இருக்கும்படி வரிசையாக வைக்க வேண்டும். சீட்டில் இருப்பதெல்லாம் ஆங்கிலம். பத்தாம் வகுப்பு படிக்கும் அத்தை மகள் ஒவ்வொன்றையும் தொட்டு, அது என்ன செய்யும் என்று தமிழில் சொல்லிக்கொண்டே போவாள். போன மாதம் அவளே ஸ்கல்லரை இறக்கினாள். எதிரே அந்த அண்ணன், திரும்பி வந்துவிட்டார். ஏழு சீட்டையும் வரிசையாக வைத்தார். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். டிராகனைத் தாண்டி, மந்திரத்தைத் தாண்டி, ஓரத்தில் கிடந்த இரண்டு மனா விலங்கின் மேல் விரலை வைத்தாள்.

“அதையா எடுக்குற?” என்றவர், மிச்ச ஆறையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அவற்றைக் கையில் சேர்த்துக்கொண்டு, சம்மணத்தை மாற்றிப் போட்டு உட்கார்ந்தார்.