காலடி படாத தீவு

சென்ற ஆண்டு ஒரு பயண நிறுவனத்தின் கையேட்டைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. தென்னமெரிக்கக் கரைக்கு அப்பால், பசிபிக் கடலில் இருக்கும் கலாபகஸ் தீவுகளுக்கு எட்டு நாள் பயணம். பெரிய கப்பல் இல்லை. பதினாறு பேர் மட்டும் ஏறக்கூடிய சின்ன உல்லாசப் படகு. காலையில் ஒரு தீவு, மாலையில் ஒரு தீவு. நீலக்கால் பறவை, கடல் உடும்பு, கடற்சிங்கம், ராட்சத ஆமை.

நெம்மேலியில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற வீட்டில் உட்கார்ந்து அதை மொழிபெயர்த்தேன். இரண்டாம் பக்கத்தில் 'வர்ஜின்' என்ற சொல் வந்தது. யோசிக்காமல் 'கன்னித்தீவுகள்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அந்த வேகத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்தச் சொல் என் கைக்கு உடனே வந்ததில் வியப்பில்லை. 1960இல் தொடங்கி தினத்தந்தியில் வந்துகொண்டே இருக்கும் படக்கதையின் பெயர் அது. முடியாத விஷயம் எதையும் 'கன்னித்தீவு மாதிரி இழுக்கிறது' என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அந்தக் கதையில் கடல் கடந்து போகிறவன் சிந்துபாத். இளவரசி லைலாவோ மந்திரவாதியால் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கப்பட்டவள். பயணம் அவனுடையது, அவள் தூக்கிச் செல்லப்படுகிறவள். ஆணின் கால் படாத பெண்ணுக்கும் மனிதரின் கால் படாத மண்ணுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். இரண்டிலும் முதலில் கால் வைப்பவனுக்கே பெருமை.

இந்தச் சொல் பெண்ணை இழிவு செய்கிறது என்பதோடு நம் விமர்சனம் பெரும்பாலும் நின்றுவிடும். எனக்கு அது போதவில்லை. இந்தச் சொல் ஒரு பொய்யும் சொல்கிறது. கலாபகஸில் நான்கு தீவுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். மொத்தம் ஏறத்தாழ 30,000 பேர். 19ஆம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அங்கே நங்கூரம் போட்டு, உணவுக்காக ராட்சத ஆமைகளை ஆயிரக்கணக்கில் ஏற்றிச் சென்றன. 1959இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. இன்று விலங்கிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், வழிகாட்டி இல்லாமல் இறங்கக் கூடாது என்றெல்லாம் விதிகள் இருக்கின்றன. அவை தேவை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் இத்தனை பேர் மிதித்து, கெடுத்து, பிறகு காவல் போட்ட இடத்தைக் 'காலடி படாதது' என்று விற்க வேண்டுமானால், அங்கே இருக்கிறவர்களைப் படத்திலிருந்து வெளியே நிறுத்த வேண்டும்.

அப்படி வெளியே நிறுத்தப்படுகிறவர்களை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பாம்பன் பக்கம் ஒரு சுற்றுலாப் படகில் போனபோது, தூரத்தில் தண்ணீருக்கு மேலே சில தலைகள் தெரிந்தன. ஆமைகள் என்று நினைத்துக் கைபேசியைத் தூக்கினேன். பக்கத்தில் வந்ததும்தான் தெரிந்தது, அவை பாசி எடுக்கும் பெண்களின் தலைகள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நான் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் ஆமை என்று சொன்னதும் நான்தான்.

ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தத் தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்து, கட்டைக்கோரை போன்ற பாசிகளைப் பறிப்பது கரையோர ஊர்ப் பெண்களின் பிழைப்பு. பவளப்பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றி, காலில் செருப்பு மாட்டி, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். அந்தப் பாசியிலிருந்து எடுக்கும் பொருள்கள் நம் ஐஸ்கிரீமிலும் மருந்திலும் இருக்கின்றன. பூங்கா வந்த பிறகு தீவை நெருங்கினாலே அவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள்.

அந்தப் பவளப்பாறைகளைப் பல பத்தாண்டுகள் வெட்டி, சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஏற்றியது வேறு கைகள். 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. பெண்களோ, உலோகக் கருவி வேண்டாம், கையால் மட்டும் பறிப்போம், இனப்பெருக்கக் காலத்தில் இறங்க மாட்டோம் என்று தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். இந்த முயற்சிக்காகப் பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவில் சீகாலஜி விருது கிடைத்தது. இப்போது குருசடைத் தீவுக்குச் சுற்றுலாப் படகு போகிறது. பார்க்க வருகிறவருக்குச் சீட்டு உண்டு. உழைக்க வருகிறவளுக்கு அப்படி ஒரு சீட்டு கிடையாது.

இந்த இடத்தில் நம் பக்கத்து எழுத்தையும் கேள்வி கேட்க வேண்டும். இந்தப் பெண்களைப் பற்றி எழுதும்போது 'கடலின் மகள்கள்', 'இயற்கையின் காவலர்கள்' என்று எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். சுற்றுலாக் கையேடு இயற்கையைப் பெண்ணாக்குகிறது. நாம் பெண்ணை இயற்கையாக்குகிறோம். இரண்டிலும் கூலி காணாமல் போகிறது. அவர்கள் வியாபாரியிடம் விலை பேசுகிறவர்கள், படகு வாடகை கொடுக்கிறவர்கள், கடன் அடைக்கிறவர்கள். காவல் தெய்வமாக இருந்தால்தான் கடலில் உரிமை என்றால், ஒரு நாள் தவறு செய்த பெண்ணுக்கு அந்த உரிமை இல்லாமல் போகும். ஆண் மீனவரிடம் யாரும் இப்படி ஒரு நற்சான்று கேட்பதில்லை.

கடல் பயணத்தில் பெண்ணின் உழைப்பு மறைவது புதிதல்ல. 1766இல் பிரான்சிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பிய பூகென்வீலின் கப்பல்களில் ஒன்றில், தாவர ஆய்வாளர் கொமர்சனின் உதவியாளாக ஆண் உடையில் ஏறியவள் ழான் பாரே. பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்ணுக்கு இடமில்லை என்பதால் அந்த வேடம். காலில் புண்ணோடு அவர் படுத்தபோது, மலையேறிச் செடி சேகரித்துச் சுமந்தது அவள். உலகைச் சுற்றிய முதல் பெண்ணாக அறியப்படுகிறவளும் அவள்தான். கப்பல் தலைவரின் பெயர் ஒரு பூங்கொடிக்குப் போனது. அதை நாம் காகிதப்பூ என்கிறோம். எங்கள் சாலையோர விடுதிகளின் மதில்களில் எல்லாம் அது தொங்குகிறது. பாரேயின் பெயரில் ஒரு செடி வர 2012 ஆக வேண்டியிருந்தது.

அந்த மதில்களுக்குப் பின்னால்தான் எங்கள் குப்பத்துப் பெண்கள் கருவாடு காயவைத்த மணல் இருந்தது. கடல் கொஞ்சம் எடுத்துக்கொண்டது, விடுதிகள் கொஞ்சம் எடுத்துக்கொண்டன. விடுதிப் பலகைகளில் 'ஆள் நடமாட்டமில்லாத கடற்கரை' என்று எழுதியிருக்கிறது. நாற்பது ஆண்டு கூடை தூக்கி மீன் விற்ற என் அம்மா ஒருநாள்கூடப் படகில் ஏறியதில்லை. பெண் ஏறினால் ஆகாது என்பது ஊர் வழக்கம். கையேட்டின் படங்களை அவரிடம் காட்டினேன். நிதானமாகப் பார்த்துவிட்டு, "பதினாறு பேரு எட்டு நாளு சாப்பிடுறாங்களே, யாருடி பாத்திரம் கழுவறது?" என்று கேட்டார். பன்னிரண்டு பக்கத்தையும் மறுபடி புரட்டினேன். சமையல்காரர் இல்லை, துணி துவைப்பவர் இல்லை, தீவில் வசிப்பவர் ஒருவர்கூட இல்லை. ஒரு பிரதியை எப்படி வாசிப்பது என்று கல்லூரியில் நான் படித்ததைவிட இந்தக் கேள்வி எனக்குப் பயன்பட்டது.

வரியைத் திருத்தி 'பாதுகாக்கப்பட்ட தீவுகள்' என்று அனுப்பினேன். அச்சில் 'கன்னித்தீவுகள்' என்றே வந்தது. அதில்தான் கவர்ச்சி இருக்கிறதாம். கூலியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அம்மாவின் கண் அறுவைக்கு அது உதவியது.

எனக்கும் அந்தப் படகில் போக ஆசைதான். கடலைப் பார்க்கும் ஆசையைப் பெண்கள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கே நாம் எவ்வளவோ பேச வேண்டியிருக்கிறது. ஆனால் தண்ணீரில் ஒரு தலை தெரிந்தால், கைபேசியைத் தூக்குவதற்கு முன்னால் அது யாரென்று பார்க்க வேண்டும்.